மூணு இதழ், அறுபது டிகிரி

தலைகீழா வரைஞ்சிருக்கான் சார்.

எதைன்னு கேக்குறீங்களா? அந்த எக்ஸ்ரே ரூம் கதவைப் பாருங்க. மஞ்சள் முக்கோணம், அதுக்குள்ள கறுப்பா மூணு இதழ், நடுவுல ஒரு பொட்டு. ஒத்தை இதழ் கீழ தொங்கணும், மத்த ரெண்டும் மேல விரியணும். இவன் ஒத்தையை மேல தூக்கி வச்சிருக்கான். அதுகூடப் பரவாயில்ல. இதழுக்கும் பொட்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்ல, ஒட்டிக்கிட்டு நிக்குது. எவனோ நெட்ல தேடி, கண்ணுல பட்ட மொதல் படத்தை எடுத்து, இழுத்துப் பெருசாக்கிப் பிரிண்ட் போட்டுட்டான். ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கு பாருங்க. தெரியலையா? தெரியாது. யாருக்குமே தெரியாது. அதனாலதான் எவன் வேணும்னாலும் டிசைனர்னு போர்டு மாட்டிக்கிறான்.

உங்களுக்கு முட்டியா? டோக்கன் எத்தனை? நாப்பத்தொண்ணா! இப்பதான் பத்தொன்பது கூப்பிட்டாங்க. உட்காருங்க, நல்லா உட்காருங்க.

என் பேரு அருமைநாதன். இருபத்திரெண்டு வருஷமா கம்ப்யூட்டர்ல, கோரல் டிராவுல படம் வரையறேன். அதுல பதினாறு வருஷம் துவாக்குடியில இதயத்துல்லா பாயோட ஃப்ளெக்ஸ் கடை. என்ன வேலைங்கறீங்க? மாப்பிள்ளை மூஞ்சியைச் சிவப்பாக்கு, பொண்ணு கழுத்துல இன்னொரு ஆரம் போடு, செத்துப்போனவருக்குப் பின்னாடி மேகம் வை. ஒருத்தன் காதுகுத்து ஃப்ளெக்ஸுக்குப் புலி கேட்டான் சார். குழந்தைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு புலி. வச்சுக் குடுத்தேன். குழந்தை அழுவுற மாதிரி போட்டோ, அதுக்கு ரெண்டு பக்கமும் புலி வாயைத் திறந்துகிட்டு நிக்குது. ஊரே பார்த்து அழகுன்னு சொல்லிச்சு. இந்த ஊருக்கு நான் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன்.

அப்பதான் ஒரு கம்பெனியிலேருந்து ஆர்டர் வந்தது. பேரு வேணாம். பாய்லருக்குப் பெரிய பெரிய பைப் செய்யற கம்பெனி. வெல்டிங் வச்ச இடத்துல உள்ளுக்குள்ள விரிசல் இருக்கான்னு படம் எடுத்துப் பார்ப்பாங்க. நமக்கு எலும்பை எடுக்கிற மாதிரிதான். ஆனா இங்க மெஷின் கிடையாது. மிளகு அளவு ஒரு உலோகத்துண்டு, அதுலேருந்துதான் கதிர்வீச்சு, ஈயப் பெட்டிக்குள்ள இருக்கும். தூரத்துல நின்னு ஒரு கைப்பிடியைச் சுத்தினா, அது குழாய் வழியா வெளிய வந்து பைப் பக்கத்துல நிக்கும். அது வெளிய இருக்கிற நேரம் பக்கத்துல எவனும் போகக்கூடாது. வாசனை கிடையாது, சூடு கிடையாது, சத்தம் கிடையாது. பேசாம உள்ள பூந்து ரத்தத்தைக் கெடுக்கும். அதுக்குன்னு யார்டுல ஒரு அறை கட்டி வச்சிருந்தாங்க. நாலு பக்கமும் தடிமனான கான்கிரீட் சுவர், மேல கூரை கிடையாது, பைப்பைக் கிரேன்ல மேலேருந்து இறக்கணும்ல. வளைஞ்சு போற மாதிரி ஒரு வாசல். கதவும் கிடையாது. போர்டு மட்டும்தான்.

பழைய போர்டை நான் போய்ப் பார்த்தேன். சிரிப்பு வந்தது சார். எவனோ பிரஷ்ல எழுதினது. மூணு இதழும் மூணு சைஸ். ஒண்ணு கத்தரிக்காயைப் பாதியா நறுக்கின மாதிரி இருக்கு. கீழ சிவப்பு பெயிண்ட்ல, பெயிண்ட் வேற ஒழுகியிருக்கு, ‘ஆபத்து! உள்ளே வராதே! உயிர் போகும்!’னு மூணு ஆச்சரியக்குறி. பக்கத்துல ஒரு மண்டையோடு, அதுக்குப் பல்லு முப்பத்திரெண்டுக்கு மேல இருக்கும். வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வரப்போறான், இதைப் பார்த்தா மானம் போயிடும்னு புது போர்டு கேட்டாங்க. மானம் எப்பவோ போயிடுச்சு, இவனுங்களுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு.

நான் வரைய உட்கார்ந்தேன்.

அந்தச் சின்னம் எப்படின்னா, நடுவுல இருக்கிற பொட்டோட ஆரம் ஒண்ணுன்னு வச்சுக்குங்க. இதழ் ஆரம்பிக்கிறது ஒண்ணரையில. முடியறது அஞ்சுல. ஒவ்வொரு இதழும் அறுபது டிகிரி, நடுவுல விடற காலியும் அறுபது டிகிரி. அவ்வளவுதான் சார். வட்டம், கோணம். மாப்பிள்ளை கிடையாது, புலி கிடையாது. பெரிய வட்டம் ஒண்ணு போட்டு, அதுல கேக் வெட்டற மாதிரி அறுபது டிகிரி துண்டு எடுத்து, அதை நூத்தியிருபது டிகிரி திருப்பித் திருப்பி ரெண்டு காப்பி எடுத்து, உள்வட்டத்தை வச்சு நறுக்கினா வந்துடும். பத்து நிமிஷ வேலை. நான் ஆறு நாள் எடுத்துக்கிட்டேன்.

ஏன்னா முக்கோணம் இருக்கே. அதுக்கு நடுப்புள்ளி எதுன்னு கேட்டா உயரத்துல பாதின்னு சொல்லுவீங்க. தப்பு. அடியிலேருந்து மூணுல ஒரு பங்கு. அங்க வச்சாத்தான் சின்னம் உட்காரும், இல்லேன்னா மிதக்கும். மூலையை எவ்வளவு உருட்டணும், கறுப்புக் கரை எவ்வளவு தடிமன் வேணும், எல்லாத்துக்கும் கணக்கு வச்சேன். பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். எவ்வளவு பெருசாக்கினாலும் கோடு கோடாவே நிக்கும், உடையாது. ஆறாவது நாள் எழுந்து தள்ளி நின்னு பார்த்தேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே சுத்தமான வேலை அதுதான் சார். அதுக்கு நடுவுல மூணு கல்யாண ஃப்ளெக்ஸ் லேட்டு. பாய் கத்தினாரு. கத்தட்டும்.

அந்தக் கம்பெனியில சேஃப்டி ஆபீசர்னு ஒருத்தர், தீபன்ராஜ். தலையில ஹெல்மெட், கையில ரெண்டு போனு, மண்டைக்குள்ள ஒண்ணும் கிடையாது. புரூஃப் பார்க்க வந்தாரு.

“நல்லாருக்கு சார். கீழ அந்தப் பழைய வாசகத்தைப் போட்டுடுங்க. தமிழ், இங்கிலீஷ் ரெண்டும். எங்க ரூல்ஸ்லயும் இருக்கு”ன்னாரு.

“எதுக்கு சார்?”னேன். “இது உலகம் பூரா உள்ள சின்னம். ஜப்பான்லயும் இதான், ஜெர்மனியிலயும் இதான். கீழ எழுத்தைப் போட்டா முக்கோணம் சின்னதாயிடும். பார்க்கறவன் கண்ணு எழுத்துக்குப் போயிடும்.”

“இல்ல சார், லேபர் ஆளுங்க...”

“லேபர் ஆளுங்களுக்குத்தான் சொல்றேன். படிக்கத் தெரிஞ்சவன் ஏசி ரூம்ல இருக்கான், அவன் அந்தப் பக்கம் வரப்போறதில்ல. அங்க வர்றது பெருக்கறவங்க, பெயிண்ட் அடிக்கறவங்க. அதுல பாதிப் பேரு வடக்கத்திக்காரங்க. அவங்களுக்கு எழுதி என்ன பிரயோஜனம்? படம் பேசும் சார்.”

ரெண்டு போன்ல ஒண்ணு அடிச்சுது. அதை எடுத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. கவனிங்க. கையெழுத்துப் போட்டது அவரு.

கடையில ஜெசிந்தான்னு இன்னொரு டிசைனர். டிசைனர்னு சொல்றேன், வேற வார்த்தை இல்லாததுனால. எல்லாத்துக்கும் நிழல் வைக்கும், எழுத்துக்குத் தங்கக் கலர் குடுக்கும். அது வந்து என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துட்டு, “அண்ணே, கீழ ரெண்டு வரி தமிழ்ல போட்டுடுங்கண்ணே. எனக்கே இது என்னன்னு புரியல”ன்னு சொல்லிச்சு.

“உனக்குப் புரியாத விஷயம் நிறைய இருக்கும்மா. எல்லாத்துக்கும் கீழ நான் எழுதிக்கிட்டே இருக்க முடியுமா?”னேன். மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு வாரம் பேசல. நிம்மதியா இருந்தது.

போர்டு மாட்டற அன்னிக்கு நானே போனேன். யாரும் கூப்பிடல. லெவல் வச்சுப் பார்த்து மாட்டச் சொன்னேன். பழைய போர்டைக் கழட்டி இரும்புக் குப்பையில போடச் சொன்னதும் நான்தான். சாம்பல் கலர் சுவர்ல மஞ்சள் முக்கோணம். ஒரு எழுத்துக் கிடையாது. போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அப்புறம் காட்டறேன்.

அது மார்ச் கடைசி. ஏப்ரல் மூணாவது வாரம் அந்த விஷயம் நடந்தது.

மருதாம்பாள்னு ஒரு அம்மா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கான்ட்ராக்ட்ல பெருக்கற வேலைக்கு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் கேன்டீன்ல உட்கார இடம் கிடையாது, எங்க நிழல் இருக்கோ அங்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கணும். துவாக்குடி வெயில்ல யார்டுல எங்க நிழல் இருக்கும்? இரும்புதான் இருக்கும். அந்தம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு நேரா அந்த வாசலுக்குள்ள போயிடுச்சு.

பைப்பைப் படம் எடுக்கிறதுக்குன்னு ரெண்டு பேரு, சாப்பாட்டு நேரத்துலதான் எடுப்பாங்க, ஆள் நடமாட்டம் இருக்காதுன்னு. எடுக்கும்போது வாசல்ல குறுக்கக் கயிறு கட்டணும். கட்டல. சிவப்பு விளக்கு எரியணும். பல்பு ஃபியூஸ் போயி ஒரு மாசம். எவனும் மாத்தல. மிளகை வெளிய தள்ளிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு போன்ல எதையோ பார்த்துக்கிட்டு நின்னுருக்கானுங்க. அந்தம்மா பைப்புலேருந்து ஒரு கை தூரத்துல உட்கார்ந்து, அரை மணி நேரம், நிதானமா, மோர் சாதமும் மாங்கா ஊறுகாயும் சாப்பிட்டிருக்கு. சட்டியைக் கழுவித் தண்ணியை அங்கேயே ஊத்திட்டு வெளிய வரும்போதுதான் ஒருத்தன் பார்த்திருக்கான். பார்த்தவன் அலறின அலறல்ல கேன்டீனே எழுந்து ஓடி வந்துச்சாம். அந்தம்மாவுக்கு எதுக்கு அலறறான்னே தெரியல. ஏதோ அசுத்தம் பண்ணிட்டோம்னு திட்டறான்னு நினைச்சு, “கழுவி விட்டுடறேங்க”ன்னு சொல்லியிருக்கு.

சாயங்காலம் ரெண்டு தடவை வாந்தி. ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ரத்தத்துல வெள்ளை அணு விழுந்துகிட்டே போச்சு.

அந்தம்மா ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அப்புறம், பம்பாயிலேருந்து அணுசக்தித் துறை அதிகாரிங்க ரெண்டு பேரு வந்தாங்க, கூட ஒரு தமிழ்க்கார அம்மா. விசாரணைக்கு என்னையும் பாயையும் கூப்பிட்டாங்க. என்னை எதுக்குக் கூப்பிடறாங்கன்னு எனக்குப் புரியல. சின்னம் சரியா இருக்கான்னு சர்டிபிகேட் குடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். நிஜமாத்தான் சார், அளவெல்லாம் ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். மருதாம்பாள் ஒரு நாற்காலியோட நுனியில உட்கார்ந்திருந்துச்சு. சுத்தி நாலு நாற்காலி காலியா கிடந்தது. படிச்சவனுங்க சார் அந்த ரூம்ல இருந்தது பூரா.

அந்தத் தமிழ்க்கார அம்மா கேட்டாங்க, “போர்டைப் பார்த்தீங்களாம்மா?”

“பார்த்தேங்க.”

“பார்த்துட்டுமா உள்ள போனீங்க?”

“ஃபேன் படம் போட்டிருந்துச்சுங்க. ஃபேன் ரூம் போலருக்குன்னு போனேன். உள்ள போய்ப் பார்த்தா ஃபேன் இல்ல. சரி, சுவர் நிழலாவது இருக்கேன்னு உட்கார்ந்தேங்க.”

ஃபேன்! சார், ஃபேன்! ஒண்ணு, ஒண்ணரை, அஞ்சு. அறுபது டிகிரி. ஆறு நாள். ஃபேனாம். நான் எழுந்திரிச்சுட்டேன். “ஃபேன் இறக்கை வளைஞ்சிருக்கும்மா, இது நேரா இருக்கு. ஃபேன் எவனாவது முக்கோணத்துக்குள்ள வைப்பானா?”ன்னேன். பாய் என் சட்டையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சாரு. பம்பாய்க்காரன் ஒருத்தன் இங்கிலீஷ்ல ஒரே ஒரு கேள்வி கேட்டான். பழைய போர்டுல எழுத்து இருந்துச்சே, இதுல ஏன் இல்ல? தீபன்ராஜ் உடனே என்னைக் கை காட்டினாரு. அந்த வேகத்துல பல்பு மாத்தியிருக்கலாம்.

கார்ல வரும்போது பாய் மெதுவாத்தான் கேட்டாரு. “அருமை, ரெண்டு வரி எழுதறதுல உனக்கு என்னப்பா கஷ்டம்?”

“அழகு கெட்டுடும் பாய்.”

“நாளையிலேருந்து வராதே”ன்னாரு. பதினாறு வருஷம் சார். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. புலி வைக்கிறவனை வச்சுக்கட்டும்.

புது போர்டை ஜெசிந்தா போட்டுச்சு. போய்ப் பார்த்தேன். மண்டையோடு, ஓடுற மனுஷன், சிவப்பு அம்புக்குறி, பாதி போர்டுக்குத் தமிழ் எழுத்து, அதுக்கு மஞ்சள் நிழல். என் சின்னம் ஒரு மூலையில, நெஞ்சுல குத்தற பேட்ஜ் சைஸுக்குக் கிடக்கு. நான் நிக்கும்போதே ஒரு வடக்கத்திப் பையன் தண்ணி கேனோட வந்தான். போர்டைப் பார்த்தான். அந்தச் சுவரையே தொடாம இருபதடி சுத்திக்கிட்டுப் போனான். அசிங்கம் சார். பார்க்கவே சகிக்கல.

சரி, நான் என்ன பண்ணேன்னா, அந்தம்மா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேக்கப் போனேன்னு நினைக்காதீங்க. புரிய வைக்கத்தான் போனேன். இது ஃபேன் இல்லைன்னு ஒரு ஆளுக்காவது புரியணும்ல. சின்னத்தைப் பெருசா ஒரு பிரிண்ட் எடுத்துச் சுருட்டிக்கிட்டுப் போனேன்.

வாழவந்தான்கோட்டைக்குப் பக்கத்துல ஒரு காலனி. விலாசம் கேட்டா, “அந்தக் கரண்டு அடிச்ச பொம்பளையா?”ன்னு ஒருத்தன் கேக்குறான். கரண்டாம்! இன்னொருத்தி, “பக்கத்துல போகாதீங்க, ஒட்டிக்கும்”ங்கறா. தெருக்குழாய்ல அந்தம்மா குடத்தை எல்லாரும் பிடிச்ச அப்புறம்தான் வைக்கணுமாம். வீட்டுக்காரன் ஜாகையைத் தம்பி வீட்டுக்கு மாத்திட்டான், தூக்குச்சட்டியில சோறு மட்டும் வாசப்படியில வச்சுட்டுப் போவான். பொண்டாட்டிக்குச் சோத்தை நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்கிறான் சார். அவனும் மீசை வச்சிருக்கான்.

அந்தம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைச்சு, தள்ளி, வாசல்ல போட்டுட்டு, தான் உள்ள போய் உட்கார்ந்துகிச்சு. அதுவே ஒதுங்கிக்குது. நான் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு உள்ள போய், தாளை விரிச்சேன். வட்டம், ஆரம், கோணம் எல்லாம் சொன்னேன். பேனாவால கோடு போட்டுக் காட்டினேன். நடுவுல இருக்கிறது அந்த மிளகு, சுத்தி வர்றது கதிர்ன்னு சொன்னேன். பொறுமையா கேட்டுச்சு. நான் இவ்வளவு நேரம் பேசி யாரும் குறுக்க பேசாம கேட்டது அன்னிக்குத்தான். முடிச்ச அப்புறம் சொல்லிச்சு:

“இதைக் கீழ எழுதியிருந்தா நான் போயிருக்க மாட்டேனே சார்.”

“எழுதினா உங்களுக்கு எப்படிம்மா...”

“எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார். எங்க வார்டுல வோட்டர் சீட்டு நான்தான் படிச்சுப் பிரிச்சுக் குடுப்பேன்.”

வாசல்ல யாரோ சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டுப் போனான். நான் தாளைச் சுருட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா மோர் கலக்கிட்டு வந்து, டம்ளரைக் கையில குடுக்காம கீழ வச்சுச்சு. “குடிக்கலைன்னாலும் பரவாயில்ல சார்”னுச்சு. குடிச்சேன். உப்பு ஜாஸ்தி.

ஆனா ஒரு விஷயம் சார், எட்டாவது படிச்சவங்க பெருக்கற வேலைக்கு வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? அதை யாராவது எனக்குச் சொன்னாங்களா? தீபன்ராஜ் சொல்லியிருக்கணும்ல? நான் வரைஞ்ச சின்னம் இன்னிக்கும் சரிதான். உலகத்துல எங்க வேணும்னாலும் போய்க் கேளுங்க. ஒண்ணு, ஒண்ணரை, அஞ்சு.

கம்பெனிக்காரன் ரெண்டு தடவை கார் அனுப்பினான் செக்கப்புக்கு. மூணாவது தடவை டிரைவர் வர மாட்டேன்னுட்டான், அவன் பொண்டாட்டி முழுகாம இருக்காளாம். படிச்ச முட்டாளுங்களுக்குக் கீழ படிக்காத முட்டாளுங்க. அதுலேருந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நான்தான் பஸ்ல கூட்டிட்டு வர்றேன். இது ஆறாவது தடவை. என் வீட்ல கேக்கறா, உங்களுக்கு வேற பொழப்பு இல்லையான்னு. இல்லதான். விசாரணையும் முடிஞ்சு போச்சு, என்னை யாரும் வரச் சொல்லல. அந்தம்மாவும் வேணாம்னுதான் சொல்லுது. ஆனா இந்த ஆஸ்பத்திரியில எது எந்த ரூம்னு எப்படிக் கண்டுபிடிக்கும்? போர்டெல்லாம் தப்பும் தவறுமா இருக்கு. படிக்கத் தெரியும்தான். இருந்தாலும்.

வெள்ளை அணு ஏறிக்கிட்டுத்தான் இருக்காம், போன தடவை டாக்டர் சொன்னாரு. மெதுவா ஏறுதாம். டாக்டர் கையெழுத்து இருக்கே, அதைப் பத்தித் தனியா ஒரு நாள் பேசணும்.

அதோ, அந்தக் கடைசிக் கதவு. ரத்தம் எடுத்துட்டு, பஞ்சை அமுக்கிக்கிட்டு வருது பாருங்க, பச்சைப் புடவை. ஆமா, அவங்கதான். இடம் தேடுது. சுவர் ஓரமாத்தான் நிக்கும், பாருங்க. எவ்வளவு சீட்டு காலியா இருந்தாலும் நிக்கும்.

என்ன சார், பையை எடுக்கறீங்க? நாப்பத்தொண்ணு இன்னும் கூப்பிடலையே. இப்பதான் இருபத்திமூணு. இவ்வளவு நேரம் எல்லாத்தையும் கேட்டீங்க, தலையாட்டினீங்க. ஓ. ஒட்டிக்கும்னா? சரி சரி, போங்க. முட்டி வலியோட அந்தக் கோடிக்குப் போய் நில்லுங்க. உங்களுக்கும் கண்ணாடி, பேனா எல்லாம் இருக்கு.

மருதாம்பாள், இங்க வாங்கம்மா. இங்கதான், என் பக்கத்துல. நல்லா சாஞ்சு உட்காருங்க.